டெரிக் தர வேண்டிய சாரி கார்டு

முதலில் என்னைக் கெடுத்தவன் டெரிக். மருது அவனுக்கு அப்புறம் வந்தவன். யாரிடமாவது இதைச் சொல்லப்போனால் இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள் தம்பி. முதல் ஆள் என்கிற பெருமை மருதுவுக்குப் போகக்கூடாது.

உங்கள் தொப்பியைப் பார்த்துத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். அந்த ஒற்றைக்கண் படம் போட்டது டெரிக்கின் பைக் கடையில் கொடுப்பது. கையில் ஹெல்மெட் இருக்கிறது, வண்டி இல்லை, மருதமலை டவுன் பஸ்ஸில் போகிறீர்கள். அப்படியென்றால் வண்டியை அவனிடம் விட்டுவிட்டு வருகிறீர்கள். சரிதானே? என்ன, பார்த்து வைக்க மட்டும்தான் விட்டிருக்கிறீர்களா? மருதுவிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்வீர்களா? அப்படியானால் சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்தீர்கள். கோயமுத்தூரில் அந்த இரண்டு பேரிடமும் ஒரே வண்டியைக் கொடுத்த ஆள் நான் ஒருவன்தான். எனக்கு இருவர் மேலும் கோபம் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

என் பேர் கிட்டுசாமி. கணபதியில் பம்ப் செட் வார்ப்படப் பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் மோல்டர். அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நீலச் சேலை தெரிகிறதா? அவள்தான் என் வீட்டுக்காரி, வசந்தாமணி. கூட இருப்பது எங்கள் தெருப் பெண்கள். செவ்வாய்க்கிழமை ஆனால் நாலு பேரும் மருதமலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை அல்லவா. எனக்கு உண்டு. நான் எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருகிறேன். சிரிப்புச் சத்தம் கேட்கிறதே, அது அவள்தான். வண்டியில் அவளை வைத்துக்கொண்டு போன காலத்தில் இவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை. காற்றில் கேட்டிருக்காது.

என்னிடம் ஒரு புல்லட் இருந்தது. கல்யாணம் ஆன மறு வருஷம் வாங்கியது. அதில் பின்சீட்டில் அவள் ஒரு பக்கமாக உட்காருவாள். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க இடது பக்கத்தில் கம்பியால் ஒரு சாரி கார்டு. அந்த சாரி கார்டில் கால் வைத்து முப்பத்து மூன்று வருஷம் வந்தாள். கீழ்க்கம்பியில் ஒரு நெளிவு இருக்கும். அது பல்லடத்தில் ஆனது. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன், அதிலும் தப்பு என் மேல் இல்லை.

எனக்கு அறுபது முடிகிற வருஷம், வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார்கள். என் மகள் சுகந்தி டெரிக்கின் யூடியூப் சேனலுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அப்பாவின் பழைய வண்டியைப் புதுசாக ஆக்கிக் கொடுங்கள், அவருக்குத் தெரியக்கூடாது என்று. டெரிக் இந்த மாதிரி வண்டிகளை எடுத்து, வெட்டி, ஒட்டி, கறுப்புத் துணி போட்டு மூடி வைத்து, சொந்தக்காரர் கண் முன்னால் துணியை இழுப்பான். அந்த ஆள் அழுவார். அதை லட்சக்கணக்கில் பார்ப்பார்கள். உங்களுக்குத் தெரியாததா.

என்னைப் பழனிக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் வண்டி இல்லை. நான் என்ன நினைப்பேன்? எதிர்வீட்டு ரங்கராஜன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். நேராக அவன் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய் அவன் பேரைச் சொல்லிப் புகார் கொடுத்தேன். வசந்தாமணி தடுத்தாள்.

"போலீசுக்கெல்லாம் எதுக்குங். வர்றப்ப வரும்" என்றாள்.

"திருட்டுப் போன வண்டி எப்படி அம்மிணி வர்றப்ப வரும்?"

"வருமுங். பேசாம சோறு உண்ணுங்க."

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனசு அப்படி. ரங்கராஜன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றது அவன். நான் சந்தேகப்படும்படி நடந்துகொண்டதற்கு இன்றுவரை ஒரு வருத்தம் தெரிவித்தானா என்றால் இல்லை. அது தனிக் கணக்கு. அதை விடுங்கள்.

நாற்பது நாள் கழித்து என்னைப் புது வேட்டி கட்டச் சொல்லி டெரிக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். நீங்கள் இன்றைக்கு உள்ளே போயிருப்பீர்களே. அது கடையா தம்பி? கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. தரையில் முகம் தெரிகிறது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஐந்து நிமிஷம் நின்றேன். சுவரில் ஒரு வண்டியையே மாட்டி வைத்திருக்கிறான். ஸ்பேனரெல்லாம் சின்னது பெரியதாக வரிசையாகத் தொங்குகிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வாயில் ஒரு கீறல் இல்லை. ஒரு நட்டையும் பார்க்காத ஸ்பேனர்.

கறுப்புத் துணியை இழுத்தான்.

தம்பி, என் வண்டியில் பாதியைக் காணோம். பின் மட்கார்டு பாதிதான் இருந்தது. ஹேண்டில்பார் மாட்டுக் கொம்பு மாதிரி மேலே நின்றது. சீட் ஒன்றே ஒன்று, தோல் வைத்துத் தைத்து, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு. அதற்குப் பின்னால் வெறும் சக்கரம்.

"அங்கிள், எப்படியிருக்கு? மனசுல தோணுறத சொல்லுங்க" என்றான் டெரிக். ஒரு கேமரா என் மூக்குக்கு நேராக வந்தது.

"பின்சீட் எங்கப்பா?" என்றேன்.

"அங்கிள், இது பாபர் ஸ்டைல். இதுல பின்சீட் வராது."

"சாரி கார்டு?"

"அங்கிள், கொஞ்சம் எமோஷனலா..."

ஒரு தரம் எடுத்தார்கள், அழுகை வரவில்லை. இரண்டாம் தரம் எடுத்தார்கள். உங்க அப்பாவை நினைச்சுக்குங்க என்றான். என் அப்பாவை நினைத்தால் எனக்கு அழுகை வராது, அவர் எனக்குச் செய்ததற்கு. மூன்றாம் தரம் எடுத்தபோது நான் குனிந்து சீட்டுக்கு அடியில் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, வெல்டிங் நன்றாக இருந்தது. மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தது. ஆனால் செதில் படுத்திருந்த பக்கம் வேறு. வலது கைக்காரன் இழுத்தால் ஒரு பக்கம் படுக்கும், இடது கைக்காரன் இழுத்தால் மறுபக்கம் படுக்கும். வாழ்க்கை பூரா இரும்பைப் பார்த்தவனுக்கு அது தெரியும். டெரிக் வலது கைக்காரன். அங்கே வேலை செய்கிற ஆறு பேரும் வலது கைக்காரர்கள். காபி கொடுக்கும்போது பார்த்துக்கொண்டேன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கேமராவை வசந்தாமணி பக்கம் திருப்பினார்கள். அவள் அந்த ஒற்றை சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். தடவினாள். "இதுல ஒரு ஆளுதான் உக்கார முடியுமுங்களா?" என்றாள்.

"ஆமா ஆன்ட்டி, நீங்க சொன்ன மாதிரியேதான்" என்றான் டெரிக்.

பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. என் மனசு தாங்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்த இடத்தை வெட்டி எறிந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் தாங்கும்? அழுகைக்கு நடுவே சிரிக்கிற மாதிரியும் இருந்தது. துக்கம் முற்றினால் அப்படித்தான் ஆகும். 'நீங்க சொன்ன மாதிரியே' என்று அவன் சொன்னது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. துணிக்கடையிலும் அப்படித்தான் சொல்வான்.

அந்த வீடியோவைப் பதினாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். முழுக்க அவள்தான். நான் நாலு விநாடி வருகிறேன், அதுவும் குனிந்தபடி முதுகு. இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. நாற்பது, நாற்பத்தைந்து தரத்துக்கு மேல் நான் அதைப் பார்த்ததுகூட இல்லை.

இனி மருது. அவன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே போன் செய்தான். "ஏனுங்கய்யா, அந்த ஏசி ரூம்காரன் உங்க வண்டிய நாசம் பண்ணிட்டானுங்க. எடுத்துட்டு வாங்க, பழையபடி நான் ஆக்கித் தர்றேன். பின்சீட்டோட" என்றான். பின்சீட் என்ற வார்த்தையை அவனாகச் சொன்னான் தம்பி. அதில்தான் நான் விழுந்தேன்.

துடியலூரில் அவன் பட்டறை. டெரிக் கடைக்கு எல்லாவற்றிலும் நேர் எதிர். தகரக் கூரை, கிழிந்த ஸ்டூல், சுவரெல்லாம் கிரீஸ் கை. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். இங்கே வேலை நடக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கேமராக்காரன் வந்தான். உடனே ஒரு ஆள் டப்பாவில் கருப்பு ஆயிலைக் கொண்டுவந்து தரையில் தெளித்தான், நம் வீட்டில் சாணி தெளிக்கிற மாதிரி. இன்னொருத்தன் பிரஷ் எடுத்து ஒரு புது டேங்குக்குத் துருப் பூசினான். துருவுக்கு டப்பா இருக்கிறது தம்பி, இரண்டு நிறத்தில். தகரத்துக்குப் பின்னால் ஒரு கதவு, உள்ளே பார்த்தால் டெரிக்கிடம் இருப்பதைவிடப் பெரிய ஏசி. மருது அங்கே போய் முகம் கழுவி, திரும்ப வெளியே வந்து கன்னத்தில் கிரீஸ் தடவிக்கொண்டான்.

ஆக, நீங்கள் கேட்டீர்களே இரண்டில் எது மேல் என்று, இதுதான் வித்தியாசம். டெரிக் கடையில் ஸ்பேனர் சுத்தமாக இருக்கிறது, தொடாததால். மருது கடையில் அழுக்காக இருக்கிறது, தடவியதால்.

அங்கேயும் ஒரு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அதே செதில், அதே பக்கம் படுத்திருந்தது.

"இங்க இடது கை வெல்டர் யாருப்பா?" என்று கேட்டேன். மருதுவுக்கு முகம் கறுத்தது. "எல்லாம் நானேதானுங்கய்யா" என்றான். சொல்லும்போதே வலது கையால் மீசையை முறுக்கினான்.

விடுவேனா. கணபதியில் எனக்குத் தெரியாத வெல்டர் கிடையாது. இரண்டே நாளில் கண்டுபிடித்தேன். ஆரோக்கியம் என்று ஒருவர், ஐம்பது வயசு, ரைஸ் மில் சந்துக்குள் ஒரு சின்ன ஷெட். டெரிக்கின் வண்டியும் அவரிடம்தான் வருகிறது, மருதுவின் வண்டியும் அவரிடம்தான் வருகிறது. காலையில் ஒருத்தர் டெம்போ, மத்தியானம் இன்னொருத்தர் டெம்போ. ஆணியில் இரண்டு சட்டை தொங்குகிறது. ஒற்றைக்கண் போட்ட கறுப்பு பனியன் ஒன்று, மருது பேர் போட்ட காக்கி ஒன்று.

"எதுக்குங்க ரெண்டு?" என்றேன்.

"வீடியோவுல சில சமயம் கை மட்டும் காட்டுவாங்கண்ணா. எந்தக் கடைக் கையோ அந்தச் சட்டை" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு வருஷம் சென்றால் மூன்றாவது சட்டையும் வரலாம் என்றார்.

மருதுவிடம் விட்ட என் வண்டியும் அவர் ஷெட்டில்தான் நின்றது. வெட்டினவரே திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங், நீங்க வெட்டினதுதான?" என்றேன். "ஆமாங்ணா. ஆனா அவங்க எழுதிக் குடுத்தபடிதான் வெட்டுனேன். நானா எதுவும் செய்யறதில்ல" என்று கிளிப்பில் மாட்டியிருந்த தாளை எடுத்துக் காட்டினார். டெரிக் கடையின் தாள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் படித்தேன். 'ஒற்றை சீட் போதும், வீட்டம்மா கண்டிப்பாகச் சொன்னது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'சாரி கார்டு கழற்றியது, வீட்டம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போனார்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கையெழுத்து. வசந்தாமணி என்று.

பார்த்தீர்களா திருட்டுத்தனத்தை? நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்று என் பெண்டாட்டி பேரை எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறான். கையெழுத்து அச்சு அசல் அவள் போடுவது மாதிரியே இருந்தது, 'ணி' போடும்போது ஒரு சுழி சுழிப்பாள், அதுகூட. அவ்வளவு தூரம் கற்றுக்கொண்டிருக்கிறான் டெரிக்.

ஆரோக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணா, வீட்ல ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களே" என்றார்.

நல்ல மனுஷர். ஆனால் இரண்டு பக்கமும் சாப்பிடுகிறவர். அப்படித்தான் பேசுவார்.

மருது பின்சீட் வைத்துக் கொடுத்தான், இல்லையென்று சொல்லவில்லை. சாரி கார்டும் வைத்தான், புதுசு, டப்பாத் துருவைப் பூசி. கேமரா முன்னால் வசந்தாமணியை ஏறி உட்காரச் சொன்னார்கள்.

"எனக்கு இடுப்பு வலிங்" என்றாள்.

"ஒரு நிமிஷம்தானுங்கம்மா. சும்மா உக்காந்து எறங்குனாப் போதும்" என்றான் மருது.

"அப்படித்தானுங் தம்பி கல்யாணத்தப்பவும் சொன்னாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கேமராக்காரன் ரொம்பச் சிரித்தான். எனக்கு அதில் என்ன சிரிப்பு என்று இன்றைக்கும் தெரியவில்லை.

உட்காரவே இல்லை. மருது அதையே வீடியோவாகப் போட்டுவிட்டான். இருபத்திரண்டு லட்சம். அதிலும் அவள்தான்.

இடுப்பு வலி என்கிறாள், செவ்வாய்க்கிழமை தவறாமல் மருதமலைப் படியேறுகிறாள். அப்படியென்றால் வலி இடுப்பில் இல்லை, சீட்டில். மருது வைத்த சீட் பழையதைவிட ஒரு விரற்கடை உயரம், நான் அளந்தேன். சாரி கார்டில் கால் வைக்கிற இடமும் தள்ளி இருக்கிறது. பழகின கால் அல்லவா. அந்தப் பழைய சாரி கார்டு வந்துவிட்டால் அவளும் வந்துவிடுவாள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பழைய ஹேண்டில்பாரை டெரிக்கே வைத்துக்கொள்ளட்டும்.

பல்லடத்துக் கதையா? அது ஒன்றுமில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தோம். பல்லடத்தில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அவள் இறங்கினாள். போட்டு முடிந்தது, கிளம்பினேன். வழியெல்லாம் அவள் அண்ணன் பந்தியில் என்னைக் கவனிக்காததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளும் மறுத்துப் பேசவில்லை, கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். சூலூர் தாண்டி, சிங்காநல்லூர் வந்து, திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் ஆள் இல்லை. அவள் ஏறவே இல்லை தம்பி. திரும்பிப் போனால் பெட்ரோல் பங்க் நிழலில் யாரோ கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். ஏறும்போது சாரி கார்டை ஓங்கி ஒரு உதை உதைத்தாள், அதில்தான் நெளிந்தது. நான் இன்னும் ஏறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் இல்லை. இருந்தாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் இதுவரை வாய் திறந்து கேட்டதில்லை.

பஸ்ஸில் ஏன் வருகிறேன் என்றா? முதல் வாரம் வண்டியில்தான் வந்தேன், இந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே. லாலி ரோடு சிக்னலில் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கையசைத்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் கையசைத்தார்கள். பின்சீட் காலியாக, நான் மட்டும். அது எனக்கு நன்றாகப் படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் பாகற்கொடி வைத்திருக்கிறாள். அது படர ஒரு கம்பிச் சட்டம் நட்டிருக்கிறாள். பழைய இரும்புக் கடையில் எடுத்ததாம். தண்ணீர் ஊற்றும்போது தினமும் பார்க்கிறேன். அதே அளவு. அதே வளைவு. கீழ்க்கம்பியில் ஒரு நெளிவுகூட இருக்கிறது. சாரி கார்டு என்று எடுத்தால் ஊரில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

கொடி நன்றாகக் காய்க்கிறது. எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒரு நிமிஷம் தம்பி, கண்டக்டர் ஏதோ கூப்பிடுகிறார்.

"பெரியவரே, உங்க வீட்டம்மா வடவள்ளியிலயே எறங்கிட்டாங்க. பூ வாங்கிட்டு அடுத்த வண்டியில வர்றாங்களாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"எப்ப எறங்குனா?"

"நாலு ஸ்டாப் ஆச்சுங். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."

பார்த்தீர்களா. இவ்வளவு நேரம் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன். வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சிரிப்புச் சத்தம் நின்றதே, சாமிக்கு வேண்டிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். போகட்டும். அடிவாரத்தில் நின்றால் வந்துவிடுவாள்.

உங்கள் யுனிவர்சிட்டி ஸ்டாப் வருகிறது, எழுந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியை யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம், எப்படியும் ஆரோக்கியத்திடம்தான் போகும். ஆனால் டெரிக்கைப் பார்த்தால் கிட்டுசாமி கேட்டார் என்று சொல்லுங்கள். சாரி கார்டு. இடது பக்கத்தது. கீழ்க்கம்பியில் நெளிவு இருக்கும், அவனுக்குத் தெரியும். அந்தத் தாளை எடுத்துக் காட்டுவான், நம்பாதீர்கள். அதை அவன் தருகிறவரைக்கும் என் வண்டியில் பின்சீட்டில் வேறு ஒரு ஆளை நான் ஏற்றுவதாக இல்லை.